ஸ்டூடண்ட்ஸ் குடியால வர்ற பாதிப்பை நாடு விட்டு நாடு அளக்கறது எப்படி: புதுசா இறங்குறவங்களுக்கு

1993ல ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியில ஹென்றி வெக்ஸ்லரோட டீம் அமெரிக்கா முழுக்க 140 காலேஜ்ல 17,592 ஸ்டூடண்ட்ஸ்கிட்ட சர்வே எடுத்தாங்க. கடைசி ரெண்டு வாரத்துல ஒரே சிட்டிங்ல பசங்கன்னா 5 டிரிங்க், பொண்ணுங்கன்னா 4 டிரிங்க், ஒரு தடவையாவது போட்டவங்க 44 சதவீதம்னு வந்துச்சு. 2001ல திரும்ப எடுத்தப்பவும் அதே 44தான். இன்னிக்கு வரைக்கும் ஸ்டூடண்ட்ஸ் குடியைப் பத்தி எழுதறவங்க முதல் பாராவுல இந்த நம்பரைத்தான் தூக்கிப் போடறாங்க, அடுத்த பாராவுல தன் நாட்டு நம்பர் ஒண்ணை வெச்சு "அங்க அவ்வளவு, இங்க இவ்வளவு"ன்னு முடிச்சிடறாங்க.

இதுல என்ன விட்டுப்போகுதுன்னா, அந்த 44 சதவீதத்துல யாருக்கு என்ன ஆச்சுங்கிறதுதான். யார் மறுநாள் எக்ஸாமுக்குப் போகல, யாருக்கு ராத்திரி நடந்தது ஞாபகமே இல்ல, யார் வண்டி ஓட்டிட்டுப் போய் விழுந்தாங்க, எத்தனை கிளாஸ்ங்கிற கணக்கு இதைச் சொல்லாது. அதனால பாதிப்பைத் தனியா கேக்கணும். அதை ரெண்டு மூணு நாட்டுல கேட்டு ஒப்பிடணும்னா அதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கு. சைக்காலஜி, சோஷியல் ஒர்க், கம்யூனிட்டி மெடிசின் படிச்சிட்டு முதல் தடவையா இந்த மாதிரி ப்ராஜெக்ட்ல சேர்றவங்களுக்காக, எந்த வேலைக்கு அப்புறம் எந்த வேலைன்னு எழுதறேன். புள்ளியியல் கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம்.

முதல் வேலை: எதை அளக்கப் போறீங்கன்னு ஒரு வரியில எழுதுங்க

மூணு விஷயம் தனித்தனியா இருக்கு, புதுசா வர்றவங்க மூணையும் ஒண்ணாக் கலந்துடறாங்க. எவ்வளவு குடிக்கிறாங்க, அது ஒண்ணு. குடிக்கு அடிமை ஆகிட்டாங்களா, அது ரெண்டு. குடிச்சதால என்ன கெடுதல் வந்துச்சு, அது மூணு. பத்தொன்பது வயசுப் பையன் மாசத்துக்கு ஒரே ஒரு தடவை குடிச்சிருப்பான், எந்த டாக்டர் பார்த்தாலும் அடிமைன்னு சொல்ல மாட்டார், ஆனா அந்த ஒரு ராத்திரியில பைக்கை எடுத்துட்டுப் போயிருப்பான். காலேஜ் வயசுல கெடுதல் பெரும்பாலும் இப்படித்தான் வருது, ஈரல் கெட்டுப் போறதெல்லாம் வருஷக்கணக்குல வர்றது. அதனால ஸ்டூடண்ட்ஸ் ஆய்வுல மூணாவதுதான் நம்ம வேலை, முதல் விஷயத்தைக் கூடவே அளக்கணும், ரெண்டாவது கொஞ்சம் வேணும்.

ரெண்டாவது: எந்தக் கேள்வித்தாள்

புதுசா ஒண்ணு நீங்களே உருவாக்காதீங்க. இது என் உறுதியான அபிப்பிராயம், ஏன்னா நீங்க உருவாக்கின கேள்வியை வேற எந்த நாட்டுலயும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, அப்புறம் ஒப்பிட எதுவுமே இருக்காது.

எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட ஆடிட் (AUDIT)ங்கிற கேள்வித்தாள். 10 கேள்வி, 0லேர்ந்து 40 வரை மார்க், 8ஓ அதுக்கு மேலயோ வந்தா கவனிக்கணும், 20ஓ அதுக்கு மேலயோ வந்தா அடிமைத்தனம் இருக்கான்னு முழுசா பரிசோதிக்கணும். இதை உருவாக்கினப்பவே ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிகோ, நார்வே, அமெரிக்கான்னு ஆறு நாட்டுல எடுத்த டேட்டாவை வெச்சுத்தான் கேள்விகளைத் தேர்ந்தெடுத்தாங்க, அது 1993ல வெளிவந்துச்சு. ஆனா ஒண்ணு கவனிங்க, அந்த டேட்டா ஆஸ்பத்திரி, கிளினிக்குக்கு வந்த ஆளுங்ககிட்ட எடுத்தது, அதுவும் ஆரம்ப கட்டத்துல இருக்கிற ஆளைக் கண்டுபிடிக்கிறதுக்கு. அதனால காலேஜ் வாழ்க்கையில வர்ற கெடுதல் இதுல ரொம்பக் கம்மியாத்தான் இருக்கு.

அதுக்கு முன்னாடியே 1989ல ரட்கர்ஸ் யுனிவர்சிட்டியில ஹெலன் ஒயிட்டும் எரிக் லபூவியும் 23 கேள்வியில ஒண்ணு கொண்டு வந்தாங்க, ராபி (RAPI)ன்னு சுருக்கமா சொல்லுவாங்க. இன்னிக்கும் அது நிறைய ஓடுது, ஆனா அது டீனேஜ் பசங்களை மனசுல வெச்சு எழுதினது.

நான் சிபாரிசு பண்றது யாக் (YAACQ)ங்கிற கேள்வித்தாள் குடும்பம். ஜெனிஃபர் ரீட்டோட டீம் 2006ல வெளியிட்டது, காலேஜ் வயசுக்காரங்களுக்குன்னே எழுதினது, 48 கேள்வி, எல்லாத்துக்கும் ஆமா இல்லைன்னு பதில். எட்டுத் தலைப்பு: நட்பு உறவுல வர்ற சிக்கல், கட்டுப்பாடு போறது, தன்னைப் பத்தின எண்ணம் கெடறது, உடம்பையும் தன்னையும் கவனிக்காம விடறது, ஆபத்தான காரியம், படிப்பும் வேலையும், உடம்பு குடிக்குப் பழகறது, ஞாபகம் போறது. இதுலேர்ந்து 24 கேள்வியை மட்டும் எடுத்து 2005லயே கிறிஸ்டோஃபர் காலர் டீம் ஒரு சுருக்க யாக் போட்டாங்க (வருஷம் முன்னாடி இருக்கேன்னு குழம்ப வேண்டாம், ரெண்டும் ஒரே வேலையிலேர்ந்து வந்தது, பேப்பர் வந்த வரிசைதான் அப்படி). அந்தச் சுருக்கத்துல ஒரு நல்ல விஷயம், கேள்விங்க லேசான கெடுதல்லேர்ந்து கடுமையான கெடுதல் வரைக்கும் ஏணி மாதிரி ஏறிப் போகும். மறுநாள் தலைவலி வந்துச்சாங்கிறது கீழ்ப்படி, காலையில எந்திரிச்ச உடனே குடிக்கத் தேவைப்பட்டுச்சாங்கிறது மேல்படி. இந்த வரிசை நாட்டுக்கு நாடு மாறுதாங்கிறதைப் பார்த்தாலே நிறைய விஷயம் தெரிஞ்சிடும், அதுக்கு அப்புறம் வர்றேன்.

எதை எடுத்தாலும் காலக்கெடுவை எல்லா நாட்டுலயும் ஒண்ணா வைங்க. ஒரு இடத்துல "கடைசி ஒரு வருஷம்", இன்னொரு இடத்துல "கடைசி 30 நாள்"னு கேட்டா அந்த டேட்டாவைச் சேர்க்கவே முடியாது. 30 நாள்னு முடிவு பண்ணினா காலண்டரையும் பாருங்க. அர்ஜென்டினாவுல காலேஜ் வருஷம் மார்ச்லதான் தொடங்கும், அதே மார்ச்ல அமெரிக்காவுல ஸ்பிரிங் பிரேக் நடக்கும். ரெண்டு இடத்துலயும் ஏப்ரல் முதல் வாரம் சர்வே விட்டீங்கன்னா ஒரு பக்கம் புதுசா கிளாஸ் ஆரம்பிச்ச மாசம், இன்னொரு பக்கம் பீச்சுக்குப் போய் கும்பலா குடிச்ச மாசம். வித்தியாசம் வந்தா அது நாட்டோடதா, மாசத்தோடதான்னு யார் சொல்றது?

மூணாவது: கிளாஸைக் கிராமா மாத்துங்க

இங்கதான் பாதிப் பேர் கோட்டை விடறாங்க, அதனால நிதானமா எழுதறேன். "ஒரு டிரிங்க்"னு சொல்றது ஒவ்வொரு நாட்டுலயும் ஒரு அளவு. அமெரிக்காவுல 14 கிராம் சுத்த ஆல்கஹால், பிரிட்டன்ல ஒரு யூனிட்னா 8 கிராம், ஆஸ்திரேலியாவுல 10, ஜப்பான்ல கிட்டத்தட்ட 20. ஆடிட் கையேட்டுல 10 கிராம்னு வெச்சிருக்காங்க. இப்ப ஆடிட்டோட மூணாவது கேள்வியைப் பாருங்க, "ஒரே தடவையில ஆறோ அதுக்கு மேலயோ டிரிங்க் எத்தனை முறை"ன்னு கேக்குது. அந்த ஆறு, பிரிட்டன்காரர் கணக்குல 48 கிராம், அமெரிக்கர் கணக்குல 84 கிராம். ஒரே கேள்வி, ஒரே மார்க், அளவு மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இதனாலதான் அமெரிக்காவுக்குன்னு தனியா ஒரு ஆடிட் வடிவமே அப்புறம் கொண்டு வந்தாங்க, அதுல ஆறுக்குப் பதிலா பசங்களுக்கு 5, பொண்ணுங்களுக்கு 4.

கணக்கு சுலபம்தான். மில்லியை ஆல்கஹால் சதவீதத்தால பெருக்கி, நூறால வகுத்து, 0.789 ஆல பெருக்கினா கிராம் வந்துடும். அமெரிக்க பீர் கேன் 355 மில்லி, 5 சதவீதம், 14 கிராம். நம்ம ஊர் பீர் பாட்டில் 650 மில்லி, 5 சதவீதம்னா 25.6 கிராம், அதுவே 8 சதவீத ஸ்ட்ராங் பீர்னா 41 கிராம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம், கிட்டத்தட்ட 61 கிராம். அதாவது தமிழ்நாட்டுல ஒரு ஸ்டூடண்ட் "ஒரு குவார்ட்டர்தான் சார் அடிச்சேன்"னு சொன்னா அவர் ஆடிட்டோட ஆறு டிரிங்க் கோட்டைத் தொட்டுட்டார். அதை 60 மில்லி லார்ஜா மூணு தடவை ஊத்திக் குடிச்சிருந்தா "மூணு"ன்னு எழுதுவார், அவர் பொய் சொல்லல, அவர் கணக்குல அது மூணுதான்.

ஸ்பெயின்லயும் அர்ஜென்டினாவுலயும் இன்னும் சிக்கல், அங்க பாத்திரமே பொதுப் பாத்திரம். ஸ்பெயின்ல இளசுங்க தெருவுலயும் பார்க்லயும் கும்பலா உக்காந்து குடிக்கிறதை போத்தெயோன்னு சொல்லுவாங்க, அங்க ஒரு லிட்டர் பீர் பாட்டிலும், ஒயின்ல கோலா கலந்த பெரிய பிளாஸ்டிக் கப்பும் கை மாறிக்கிட்டே இருக்கும். அர்ஜென்டினாவுல, முக்கியமா கோர்டோபா பக்கம், ஃபெர்னெட்ங்கிற கசப்பான மதுவோட கோலா கலந்து, வெட்டின பிளாஸ்டிக் பாட்டில்ல ஊத்தி எல்லாரும் மாத்தி மாத்திக் குடிப்பாங்க. அந்தக் கும்பல்ல இருந்த ஒருத்தர்கிட்ட போய் "நீங்க எத்தனை டிரிங்க்"னு கேட்டா அவர் எதை எண்ணுவார்? அதனால அந்த ஊர்ல எப்படிக் குடிக்கிறாங்களோ அப்படியே கேளுங்க: எத்தனை பேர், எத்தனை பாட்டில், என்ன சரக்கு, நீங்க எவ்வளவு பங்கு. அதுக்கு அந்த ஊர் கிளாஸ், பாட்டில், கப்போட போட்டோ போட்ட ஒரு சார்ட் தயார் பண்ணிக் கேள்வித்தாள்லயே வைங்க. அப்புறம் கிராமா மாத்தற வேலையை நீங்க கம்ப்யூட்டர்ல பண்ணிக்கலாம், பதில் சொல்றவங்க தலையில அதைக் கட்டக் கூடாது.

வாரக் கணக்கு எடுக்க ஏழு கட்டம் போட்ட அட்டவணை ஒண்ணு இருக்கு, திங்கள்லேர்ந்து ஞாயிறு வரைக்கும் வழக்கமான வாரத்துல ஒவ்வொரு நாளும் எவ்வளவு, எத்தனை மணி நேரம்னு நிரப்பறது. 1985ல காலின்ஸ், பார்க்ஸ், மார்லட் மூணு பேரும் போட்டது. மணி நேரத்தைக் கட்டாயம் கேளுங்க, நாலு மணி நேரத்துல குடிச்ச 60 கிராமும் அரை மணியில குடிச்ச 60 கிராமும் உடம்புல ஒண்ணு இல்ல.

நாலாவது: மொழிபெயர்ப்பு

இங்க்லீஷ்லேர்ந்து மாத்த ரெண்டு பேர் தனித்தனியா, அதைத் திருப்பி இங்க்லீஷுக்கு மாத்த இன்னொருத்தர், அவர் மூலத்தைப் பார்த்திருக்கக் கூடாது, அப்புறம் எல்லாரும் உக்காந்து ஒப்பிட்டுப் பேசறது. இது எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு, செய்ங்க, ஆனா இதோட நிறுத்திடாதீங்க. திருப்பி மாத்தினது அழகா வந்தாலும் ஸ்டூடண்ட் வேற மாதிரி புரிஞ்சிக்கிட்டிருக்கலாம். யாக்ல ரெண்டு கேள்வி பக்கத்துல பக்கத்துல இருக்கிற மாதிரி தோணும், ஒண்ணு நடந்துக்கிட்டும் பேசிக்கிட்டும் இருந்தார், மறுநாள் அது எதுவுமே ஞாபகம் இல்ல. இன்னொண்ணு குடிச்சிட்டு அப்படியே மட்டையாகிட்டார். மூளையில நடக்கிறது ரெண்டுலயும் வேற வேற, ஆபத்தும் வேற. மொழிபெயர்ப்புல "சுயநினைவு இல்லாம போச்சு"ன்னு ஒரே மாதிரி எழுதிட்டா ரெண்டு கேள்வியும் ஒரே கேள்வியாகிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, எட்டுப் பத்து ஸ்டூடண்ட்ஸைத் தனித்தனியா உக்கார வெச்சு, ஒவ்வொரு கேள்வியையும் படிக்கச் சொல்லி "இதுல என்ன கேக்கறாங்கன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க, உதாரணம் ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேக்கறது. ரெண்டு நாள் வேலை, ஆனா பின்னாடி ஆறு மாசத் தலைவலியைத் தடுக்கும். அப்படிக் கேக்கறப்பதான் வாழ்க்கை எப்படி மாறுதுங்கிறதும் தெரியும். மூலத்துல கார் ஓட்டறதைப் பத்திக் கேள்வி இருக்கு. அமெரிக்காவுல கார் இல்லாம காலேஜ் போக முடியாத ஊர் நிறைய, ஸ்பெயின்ல ஸ்டூடண்ட் மெட்ரோவுலயோ நடந்தோ வீட்டுக்குப் போயிடுவார், நம்ம ஊர்ல கார் கிடையாது ஆனா பைக் இருக்கு, ஓட்டறது மாதிரியே பின்னாடி உக்காந்து போறதும் ஆபத்து. "கார்"ங்கிறதை "வண்டி"ன்னு மாத்தலாமா? மாத்தலாம், மாத்தணும், ஆனா மாத்தினதை எழுதி வைங்க, அனலிசிஸ் பண்றப்ப அந்தக் கேள்வி மேல தனியா ஒரு கண்ணு வேணும்.

ஐந்தாவது: யார்கிட்ட கேக்கறது

பெரும்பாலான நாடு விட்டு நாடு ஆய்வுகள்ல சைக்காலஜி டிபார்ட்மெண்ட் ஸ்டூடண்ட்ஸ்தான் பதில் சொல்லியிருப்பாங்க, கிரெடிட் கிடைக்கும்னு. அது வசதிக்கு எடுத்த சாம்பிள். அதுல தப்பில்ல, ஆனா அதை வெச்சு "ஸ்பெயின் ஸ்டூடண்ட்ஸ்"னு எழுதக் கூடாது, "ஸ்பெயின்ல இந்த ஒரு யுனிவர்சிட்டியில இந்தக் கோர்ஸ் படிச்சவங்க"ன்னுதான் எழுதணும். சைக்காலஜி கிளாஸ்ல பொண்ணுங்க அதிகம் இருப்பாங்க, அதையும் மறக்காதீங்க.

குடிக்காதவங்களை என்ன பண்றது? பல ஆய்வுல கடைசி மாசம் ஒரு தடவையாவது குடிச்சவங்களை மட்டும்தான் எடுப்பாங்க. அமெரிக்காவுலயும் ஸ்பெயின்லயும் அப்படி எடுத்தா பெரும்பாலான ஸ்டூடண்ட்ஸ் உள்ள வந்துடுவாங்க. இந்தியாவுல எடுத்தா கதையே வேற. தேசிய குடும்ப நல சர்வே, 2019-21ல எடுத்தது, 15 வயசுக்கு மேல ஆம்பளைங்கள்ல 18.8 சதவீதமும் பொம்பளைங்கள்ல 1.3 சதவீதமும்தான் குடிக்கிறதா சொல்லுது. அப்ப இங்க "குடிக்கிற மாணவி"ங்கிறவர் நூத்துல ஒருத்தர் ரெண்டு பேர், வீட்டையும் ஊரையும் மீறி குடிக்கிறவர், அந்த மீறலே அவருக்குத் தனி மன உளைச்சல். அவரோட பாதிப்பு மார்க்கை, குடிக்கிறது சாதாரண விஷயமா இருக்கிற ஊரோட மாணவி மார்க்கோட வெச்சா நீங்க ஒப்பிடறது குடியை மட்டும் இல்ல. அதனால ரெண்டு கணக்கும் குடுங்க: மொத்த ஸ்டூடண்ட்ஸ்ல எத்தனை பேருக்குப் பாதிப்பு, குடிக்கிறவங்கள்ல எத்தனை பேருக்குப் பாதிப்பு. ஒண்ணு மட்டும் குடுத்தா படிக்கிறவங்க தப்பா புரிஞ்சிக்குவாங்க.

எத்தனை பேர் வேணும்னு எல்லாரும் கேப்பாங்க. பின்னாடி சொல்லப் போற அனலிசிஸுக்கு ஒரு நாட்டுக்கு முன்னூறு பேருக்குக் கீழ போகாதீங்கன்னு நான் சொல்லுவேன். காரணம் இருக்கு: காலையில எந்திரிச்சதும் குடிக்கிற மாதிரி கேள்விக்கு ஸ்டூடண்ட்ஸ்ல ரொம்பக் கொஞ்சம் பேர்தான் ஆமா சொல்லுவாங்க, சின்ன சாம்பிள்ல ஒரு நாட்டுல அது பூஜ்யமாகிடும், பூஜ்யம் வந்துட்டா கம்ப்யூட்டர் அந்தக் கேள்வியோட கணக்கைப் போடவே போடாது.

ஆறாவது: பயமில்லாம பதில் சொல்ல வைக்கணும்

அமெரிக்காவுல 21 வயசுக்குக் கீழ சரக்கு வாங்கக் கூடாது, 1984ல வந்த சட்டத்துக்கு அப்புறம் எல்லா மாநிலமும் 21க்கு வந்துட்டாங்க. ஸ்பெயின், அர்ஜென்டினா 18. தமிழ்நாடு 21, கேரளா 23, டெல்லி 25, இலங்கை 21. குஜராத்லயும் பீகார்லயும் மதுவிலக்கு. அப்ப ஒரே கேள்வித்தாள் ஒரு நாட்டு ஸ்டூடண்டுக்குச் சாதாரணக் கேள்வி, இன்னொரு நாட்டு ஸ்டூடண்டுக்குச் சட்டத்தை மீறினதை ஒத்துக்கறது. ஒரே அளவு உண்மை ரெண்டு இடத்துலயும் வரும்னு எதிர்பார்க்க முடியாது.

அதனால ரோல் நம்பர், மெயில் ஐடி, ஐபி எதையும் வாங்காதீங்க, கூகுள் ஃபார்ம்னா மெயில் சேகரிக்கிற செட்டிங் ஆஃப்ல இருக்கான்னு நீங்களே ஒரு தடவை நிரப்பிப் பாருங்க. பேப்பர்ல எடுத்தா வாத்தியார் ஹால்ல இருக்கக் கூடாது, ஹாஸ்டல் வார்டன் கையால கலெக்ட் பண்ணவே கூடாது. சின்னக் காலேஜ்னா வயசு, டிபார்ட்மெண்ட், ஊர், ஆண் பெண் நாலையும் சேர்த்தாலே ஆளைக் கண்டுபிடிச்சிடலாம், அதனால தேவையில்லாத விவரத்தைக் கேக்காம விடுங்க. எதிக்ஸ் கமிட்டி அனுமதி ஒவ்வொரு நாட்டுலயும் தனித்தனியா வாங்கணும், ஒரு நாட்டுல வாங்கினது இன்னொரு நாட்டுக்குச் செல்லாது.

கடைசிப் பக்கத்துல உதவிக்கு யாரைக் கூப்பிடலாம்னு கட்டாயம் போடுங்க, எல்லாருக்கும் போடுங்க, மார்க் அதிகம் எடுத்தவங்களுக்கு மட்டும்னு வேண்டாம். இந்தியான்னா மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, போதை மீட்பு உதவிக்கு 14446, இலங்கைன்னா மனநல உதவி எண் 1926. பெயர் இல்லாத சர்வேல யார் ஆபத்துல இருக்காங்கன்னு உங்களால தேடிப் போக முடியாது, அந்தப் பக்கம் ஒண்ணுதான் நீங்க அவங்களுக்குக் குடுக்கிறது. அதை ஃபார்மாலிட்டியா நினைச்சுப் பொடி எழுத்துல போட்டுடாதீங்க.

ஏழாவது: ஒப்பிடலாமா கூடாதான்னு சோதிக்கிறது

டேட்டா வந்துடுச்சு. உடனே ஆவரேஜ் எடுக்காதீங்க. முதல்ல இந்தக் கேள்வித்தாள் ரெண்டு நாட்டுலயும் ஒரே பொருளை ஒரே அளவுல அளக்குதான்னு பார்க்கணும். பட்டணம் படி வேற, மத்த ஊர்ப் படி வேறன்னு இருந்த காலத்துல எத்தனை படின்னு மட்டும் சொன்னா நெல்லு எவ்வளவுன்னு தெரியாது, அதே சங்கடம்தான் இங்கயும்.

இதை மூணு கட்டமா பார்ப்பாங்க. முதல் கட்டம், எட்டுத் தலைப்பும் அந்தந்தக் கேள்விங்களும் எல்லா நாட்டுலயும் அதே மாதிரி சேருதா. ரெண்டாவது, ஒவ்வொரு கேள்வியும் தன் தலைப்போட எவ்வளவு இறுக்கமா ஒட்டியிருக்குங்கிற எடை எல்லா நாட்டுலயும் ஒண்ணா. மூணாவதுதான் முக்கியம், உள்ளுக்குள்ள ஒரே அளவு பாதிப்பு இருக்கிற ரெண்டு ஸ்டூடண்ட், ஒருத்தர் மாட்ரிட்ல ஒருத்தர் டெக்சஸ்ல, குறிப்பிட்ட கேள்விக்கு ஆமா சொல்ற வாய்ப்பு ஒண்ணா இருக்கா. மூணாவது பாஸ் ஆனாத்தான் ஆவரேஜை ஒப்பிடலாம். ரெண்டாவது வரைக்கும் மட்டும் பாஸ் ஆச்சுன்னா, எது எதோட சேர்ந்து ஏறுது இறங்குதுன்னு ஒப்பிடலாம், யாருக்கு அதிகம்னு சொல்லக் கூடாது.

மூணாவது ஏன் ஃபெயில் ஆகும்னா, வண்டிக் கேள்வியையே எடுத்துக்கோங்க. ஸ்பெயின் ஸ்டூடண்ட் எவ்வளவு மோசமான நிலைமையில இருந்தாலும் கார் இல்லன்னா இல்லைன்னுதான் சொல்லுவார். அவருக்குப் பாதிப்பு கம்மின்னு அர்த்தம் இல்ல, அந்தக் கேள்வி அவருக்குப் பொருந்தல. கிளாஸுக்குப் போகாம விட்டீங்களாங்கிற கேள்வியும் இப்படித்தான், அட்டெண்டன்ஸ் கட்டாயம் இருக்கிற ஊர்ல தலை வெடிச்சாலும் போய் உக்காந்திருப்பாங்க.

ஸ்பெயின், அர்ஜென்டினா, அமெரிக்கா மூணு நாட்டு யுனிவர்சிட்டி ஸ்டூடண்ட்ஸ்கிட்ட யாக்கை இப்படி வரிசையா சோதிச்சு 2019ல ஒரு பேப்பர் வந்துச்சு, மூணு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து செஞ்சது, யாக்கை உருவாக்கின ரீட்டும் அதுல இருக்காங்க. புதுசா வர்றவங்க முதல்ல அதைத் தேடிப் படிங்க, அதுல எந்த முடிவு வந்துச்சுங்கிறதைவிட என்ன வரிசையில சோதிச்சாங்கங்கிறதைக் கவனிங்க, உங்க அனலிசிஸ் பகுதிக்கு அதுவே நல்ல மாதிரி.

செய்முறைக்கு ஆர் (R) மென்பொருள்ல லவான் (lavaan)ங்கிற பேக்கேஜ் போதும், இலவசம். சில எச்சரிக்கை. யாக்ல பதில் ஆமா இல்லைன்னு ரெண்டுதான், அதனால சாதாரண ஃபாக்டர் அனலிசிஸ் போடாதீங்க, பதில் ரெண்டே வகைன்னு சொல்லிக் குடுத்துடுங்க, அதுக்கேத்த மதிப்பீட்டு முறை இருக்கு. பதில் ரெண்டு வகை மட்டும்னா மேல சொன்ன ரெண்டாவது கட்டத்தையும் மூணாவது கட்டத்தையும் சுத்தமா பிரிச்சுப் பார்க்க முடியாது, முதல் கட்டத்துலேர்ந்து நேரா மூணாவதுக்குப் போறதுதான் வழக்கம். சிஎஃப்ஐ (மாடல் டேட்டாவோட எவ்வளவு பொருந்துதுன்னு சொல்ற எண்) ஒரு கட்டத்துலேர்ந்து அடுத்த கட்டத்துக்குப் போறப்ப 0.01க்கு மேல இறங்கினா ஃபெயில்னு ஒரு விதி எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க, அது 2002ல செயுங்கும் ரென்ஸ்வோல்டும் தொடர்ச்சியான மதிப்பெண்ணுக்காகச் சொன்னது, நம்ம டேட்டாவுக்கு அதையே வேதவாக்கா எடுத்துக்காதீங்க, கேள்வி கேள்வியா எங்க மாறுதுன்னும் பாருங்க.

ஃபெயில் ஆனா டேட்டாவைத் தூக்கிப் போட வேண்டாம். எந்தெந்தக் கேள்வி ஒத்துப் போகலன்னு கண்டுபிடிச்சு, அதை மட்டும் நாட்டுக்கு நாடு வேற மாதிரி இருக்க விட்டுட்டு மீதியை வெச்சு ஒப்பிடலாம். ஒத்துப் போகாத கேள்விதான் பல நேரம் சுவாரசியமான கண்டுபிடிப்பே, அந்த ஊர்ல குடி எப்படிக் கெடுக்குதுங்கிறது அதுலதான் தெரியும். ஏணி வரிசையைப் பார்க்கச் சொன்னது இதுக்குத்தான். எல்லா நாட்டுலயும் லேசான படியா இருக்கிற ஒரு கேள்வி, ஒரு நாட்டுல மட்டும் மேல் படிக்கு ஏறியிருந்தா, அங்க அது ஏன் அவ்வளவு அரிதுன்னு அந்த நாட்டு ஆளுங்களோட உக்காந்து பேசுங்க.

எட்டாவது: அளவையும் பாதிப்பையும் சேர்த்துப் பார்க்கிறது

இப்பத்தான் கிராம் கணக்கு வேலைக்கு வருது. ஒவ்வொரு நாட்டுலயும் இத்தனை கிராமுக்கு இத்தனை பாதிப்புன்னு ஒரு கோடு போட்டுப் பாருங்க. ஒரே 60 கிராம், ஒரு ஊர்ல சாப்பாட்டோட நாலு மணி நேரம், இன்னொரு ஊர்ல கடை மூடற நேரத்துக்குள்ள வெறும் வயித்துல, ராத்திரி பஸ்ஸும் கிடையாது. ஆளு மேல மட்டும் பழி போட முடியாத இடம் இது. பாதிப்பு எண்ணிக்கையில நிறையப் பேர் பூஜ்யத்துல இருப்பாங்க, கொஞ்சம் பேர் மேல தூரமா இருப்பாங்க, அதனால சாதாரண ரிக்ரெஷன் வேண்டாம், எண்ணிக்கைக்குன்னு இருக்கிற நெகட்டிவ் பைனாமியல் போடுங்க, பூஜ்யம் ரொம்ப அதிகம்னா அதுக்கும் தனி வடிவம் இருக்கு.

இன்னொண்ணு, இதுவரைக்கும் சொன்ன எல்லாமே குடிக்கிறவருக்கு வர்ற கெடுதல். பக்கத்து ரூம்ல தூங்க முடியாம கிடந்தவர், சண்டையில அடி வாங்கினவர், பார்ட்டியில சீண்டப்பட்ட பொண்ணு, வாந்தியைக் கழுவின ரூம்மேட், இவங்க யாரும் யாக்ல வரவே மாட்டாங்க. வெக்ஸ்லர் டீம் அந்தச் சர்வேலயே மத்தவங்க குடியால உங்களுக்கு என்ன ஆச்சுன்னும் கேட்டாங்க. உலக சுகாதார நிறுவனமும் தாய்லாந்தோட தாய்ஹெல்த் அமைப்பும் சேர்ந்து, அடுத்தவர் குடியால வர்ற கெடுதலை அளக்க ஒரு பொதுத் திட்டம் போட்டு இந்தியா, இலங்கை, தாய்லாந்து, வியட்நாம்னு பல நாட்டுல எடுத்திருக்காங்க, அது பொதுமக்கள் சர்வே, அந்தக் கேள்விங்களைப் பார்த்து ஹாஸ்டலுக்குப் பொருந்தறதை எடுத்துக்கலாம். குடிக்காதவங்க அதிகமா இருக்கிற நாட்டுல இந்தப் பகுதி இல்லாம ஆய்வு பண்ணினா, பாதிக்கப்பட்டவங்கள்ல பெரும் பகுதியை, முக்கியமா பொண்ணுங்களை, நீங்க பார்க்காமலே விட்டுட்டதாகிடும். அஞ்சாறு கேள்விதான், தயவு செஞ்சு சேருங்க.

ஒன்பதாவது: எழுதறப்ப

நாடுகளை முதல் இடம் ரெண்டாம் இடம்னு வரிசைப்படுத்தற டேபிள் போடாதீங்க, பத்திரிகைக்காரர் அதை மட்டும்தான் எடுப்பார், அடுத்த நாள் அந்த ஊர் காலேஜ்ல ஹாஸ்டல் ரெய்டு நடக்கும். காலேஜ் பேரையும் போட வேண்டாம். மொத்த மார்க்கோட கூடவே ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு நாட்டுலயும் எத்தனை சதவீதம் ஆமா சொன்னாங்கன்னு முழு டேபிள் குடுங்க. கவுன்சலருக்கு மொத்த மார்க் 6.2ங்கிறதைவிட இத்தனை பேருக்கு ராத்திரி ஞாபகம் போயிருக்குங்கிறதுதான் உதவும், அடுத்து வர்ற ஆய்வாளருக்கும் அதுதான் உதவும்.

கேள்வித்தாளோட உங்க மொழி வடிவம், எந்தச் சொல்லை ஏன் மாத்தினீங்கங்கிற குறிப்பு, பாட்டில் கிளாஸ் சார்ட், கிராம் கணக்கு, ஆர் கோடு இது அத்தனையும் பொதுவுல போடுங்க, யாக்கை மொழிபெயர்க்கிறதா இருந்தா ஆரம்பத்துலயே உருவாக்கினவங்களுக்கு ஒரு மெயில் போட்டு அனுமதி வாங்கிக்கோங்க, வேற யாராவது அதே மொழியில செஞ்சிட்டிருந்தா அதுவும் அப்பத் தெரிஞ்சிடும். பேப்பர் வந்த பிறகு பதில் சொன்ன ஸ்டூடண்ட்ஸ்கிட்ட ரெண்டு பக்கத்துல அவங்க பாஷையில முடிவைக் கொண்டு போய்க் குடுங்க, உதவி எண்ணை அதுலயும் பெரிய எழுத்துல போடுங்க.